பகுதிகள் நன்றாக இருந்தும் உலகம் ஏன் முழுமையாகத் தோன்றவில்லை?

தறிக்காரன்:

வணக்கம் நண்பர்களே,

ஒன்றரை ஆண்டாக, வேலை முடிந்த மாலைப் பொழுதுகளில் கோடோ எஞ்சின் என்னும் விளையாட்டு உருவாக்கும் மென்பொருளில் ஒரு இருபரிமாண விளையாட்டை உருவாக்கி வருகிறேன். பக்கவாட்டுப் பார்வையில் ஓடித் தாவி, புதிய திறன்களைப் பெற்று, முன்பு நுழைய முடியாத இடங்களுக்குத் திரும்பிச் செல்லும் மெட்ராய்ட்வேனியா வகையைச் சேர்ந்தது. கைவிடப்பட்ட ஓர் அணைக்கட்டும் அதன் சுரங்கங்களும், துருப்பிடித்த இயந்திரங்கள் நிற்கும் ஒரு நெசவாலை, மலையுச்சியில் ஒரு வானிலை ஆய்வு நிலையம் என மூன்று பகுதிகள் முடிந்துவிட்டன.

ஆறு பேரிடம் கொடுத்து விளையாடச் சொன்னேன். ஒவ்வொரு பகுதியையும் தனியாகப் பற்றிக் கேட்டபோது அறுவருமே பாராட்டினார்கள். முழு விளையாட்டைப் பற்றிக் கேட்டபோது மட்டும் எல்லோரிடமும் ஒரு தயக்கம் தெரிந்தது. ஓர் ஊருக்குள் நடந்த உணர்வு வரவில்லை என்றார் ஒருவர். அணைக்கட்டிலிருந்து நெசவாலைக்குள் நுழைந்ததும் வேறொரு கேமைத் திறந்துவிட்டோமோ என்று தோன்றியதாக இன்னொருவர் சொன்னார்.

அளவு போதவில்லை என்று எண்ணி, 40 அறைகளாக இருந்ததை 65 ஆக்கினேன். அதன் பிறகு ஊரின் வரலாற்றைச் சொல்லும் நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் அங்கங்கே வைத்தேன். இரண்டாலும் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. கடிதங்களைப் பெரும்பாலோர் படிக்கவே இல்லை.

ஒரு விளையாட்டின் உலகம் முழுமையானது என்ற உணர்வு எதிலிருந்து வருகிறது? பொதுவான அறிவுரைகளைப் பல இடங்களில் படித்துவிட்டேன். நீங்கள் ஆடிய விளையாட்டுகளில் எந்த இடத்தில், எந்தக் கணத்தில் அந்த உணர்வு வந்தது என்று குறிப்பாகச் சொன்னால் எனக்குப் பேருதவியாக இருக்கும்.

நிலவறை:

தறிக்காரன் அவர்களுக்கு,

எனக்கு அந்தக் கணம் ஒரு லிஃப்டில் வந்தது. 2011இல் ஃப்ரம்சாஃப்ட்வேர் வெளியிட்ட டார்க் சோல்ஸில், ஃபயர்லிங்க் ஷ்ரைன் என்னும் பாழிடத்தில் எரியும் நெருப்பின் அருகிலிருந்து பயணத்தைத் தொடங்குகிறோம். மேலே ஏறி, அன்டெட் பர்க் என்னும் கோட்டைநகரின் சந்துகளில் பலமுறை செத்துப் பிழைத்து, பாலத்தின் மேல் அமர்ந்து தீ உமிழும் பறவை நாகத்தைத் தாண்டி, அன்டெட் பாரிஷ் தேவாலயத்தை அடைவதற்குள் பலருக்குப் பல மணி நேரம் ஆகிவிடும். கிளம்பிய இடத்தை விட்டு வெகுதூரம் வந்துவிட்டோம், இனித் திரும்ப முடியாது என்ற கலக்கம் உறுதிப்படும் நேரத்தில், தேவாலயத்தின் ஓரத்தில் ஒரு லிஃப்ட் கண்ணில் படுகிறது. அதில் ஏறி நின்றால் அது நெடுநேரம் கீழே இறங்கி, நாம் கிளம்பிய அதே நெருப்பிலிருந்து சில அடி தூரத்தில் கொண்டுவந்து விடுகிறது. அதுவரை ஒரு நீண்ட கோடாக மனத்தில் இருந்த பாதை ஒரே நொடியில் சுருள் படிக்கட்டாக மாறிவிடுகிறது. பயந்து பயந்து கடந்த சந்துகள் எல்லாம் அந்த நெருப்புக்கு நேர் மேலேதான் இருந்திருக்கின்றன.

இதே உத்தி கீழ்நோக்கியும் வேலை செய்கிறது. நகரத்தின் சாக்கடைகளுக்குக் கீழே, பிளைட்டவுனின் நச்சுச் சதுப்புவரை இறங்கியவர், அங்கே சுழலும் ஒரு பெரிய நீர்ச்சக்கரத்தைப் பிடித்து ஏறினால், டிரேக் என்னும் பறக்கும் நாகங்கள் வாழும் பள்ளத்தாக்கையும் மூழ்கிய நியூ லோண்டோவையும் கடந்து மறுபடியும் அதே நெருப்புக்கு வந்துவிடலாம். மேலே போனாலும் கீழே போனாலும் எல்லா வழிகளும் ஒரே முற்றத்தில் கூடுவதால், அந்த முற்றம் வீடு போல ஆகிவிடுகிறது.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். இடம்விட்டு இடம் நொடியில் தாவும் வசதியை அந்த விளையாட்டு தொடக்கத்தில் தருவதில்லை. ஆனோர் லோண்டோ என்னும் நகரில் லார்ட்வெசல் என்னும் கலத்தைப் பெற்ற பிறகுதான் தருகிறது. அதற்குள் வழிகள் எல்லாம் காலுக்குப் பழகிவிடுகின்றன. அந்த வசதி கிடைத்த பிறகு வரும் பகுதிகள் பெரும்பாலும் தனித்தனிக் கிளைகளாக நீண்டு முட்டுச்சந்தில் முடிகின்றன. லாஸ்ட் இஸாலித்தின் எரிமலைக் குழம்புத் தரையில் ஒரே பகை உருவத்தைத் திரும்பத் திரும்ப நிறுத்தியிருக்கும் இடத்துக்கு வந்தபோது, உங்கள் நண்பர்கள் சொன்ன அதே குறை எனக்கும் தோன்றியது. ஒரே குழுவினர் செய்த ஒரே விளையாட்டின் முற்பாதியையும் பிற்பாதியையும் அருகருகே வைத்துப் பாருங்கள். லெவல் டிசைன், அதாவது விளையாட்டின் இடங்களை அமைக்கும் கலை பற்றி அதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைத்ததில்லை.

2014இல் வந்த டார்க் சோல்ஸ் 2இல் இதற்கு நேர்மாறான ஒரு லிஃப்ட் இருக்கிறது. எர்த்தன் பீக் என்னும் காற்றாலைக் கோட்டையின் உச்சியில் ஏறினால், அது மேல்நோக்கிச் சென்று எரிமலைக் குழம்பில் நிற்கும் அயர்ன் கீப்பில் விடுகிறது. வெளியிலிருந்து பார்க்கும்போது அந்தக் காற்றாலைக்கு மேலே வெறும் வானம்தான் தெரியும். அது நினைவு மங்கும் ஒருவனின் கனவுப் பயணம் என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. என்னால் அதை ஏற்க முடியவில்லை. அந்த லிஃப்டில் ஏறிய பிறகு, எது எங்கே இருக்கிறது என்று யோசிப்பதையே நான் நிறுத்திவிட்டேன்.

ஆகவே அறைகளின் எண்ணிக்கையை விட்டுவிட்டு, மூன்று பகுதிகளையும் ஒரே தாளில், உயரம் பிசகாமல், பக்கவாட்டு வெட்டுத் தோற்றமாக வரைந்து பாருங்கள். எந்தச் சுவருக்கு அப்பால் எது இருக்கிறது என்று உங்களுக்கே தெரியாத இடங்களில்தான் தையல் பிரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

மழைக்காகம்:

நிலவறை எழுதியதை ஏற்கிறேன்; ஆனால் அது பாதிதான் என்று நினைக்கிறேன். இரண்டு அறைகளுக்கு நடுவே லிஃப்ட் வைத்துவிட்டால் அவை அண்டை வீடுகள் ஆகும், உறவு ஆகிவிடாது. ஓரிடத்தில் நடப்பதற்குக் காரணம் இன்னோரிடத்தில் இருந்தால்தான் அவற்றுக்கிடையே உறவு பிறக்கிறது.

2017இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரைச் சேர்ந்த டீம் செர்ரி என்னும் மிகச் சிறிய குழு வெளியிட்ட ஹாலோ நைட், உங்கள் விளையாட்டின் வகையையே சேர்ந்தது என்பதால் அதிலிருந்தே சொல்கிறேன். பூமிக்கடியில் ஒரு தலைநகரம். அதன் பெயர் சிட்டி ஆஃப் டியர்ஸ். அங்கே ஓயாமல் மழை பெய்கிறது. நிலத்துக்கு அடியில் மழை எப்படிப் பெய்யும் என்ற கேள்வி எழுந்தாலும், நீல வெளிச்சமும் கண்ணாடியில் வழியும் நீரும் அத்தனை அழகாக இருப்பதால், அதை ஓவியரின் கற்பனை என்று எடுத்துக்கொண்டு கடந்து விடுகிறோம். பல மணி நேரம் கழித்து, வேறொரு வேலையாக மேலே அலையும்போது, ப்ளூ லேக் என்னும் அமைதியான பெரிய ஏரியின் கரைக்கு வருகிறோம். அங்கே சண்டை இல்லை, விளக்கக் கடிதமும் இல்லை. வரைபடத்தைத் திறந்து பார்த்தால் அந்த ஏரி நகரத்துக்கு மேலே இருக்கிறது. ஏரி கசிகிறது, கீழே நகரம் நனைகிறது. இதை யாரும் நமக்குச் சொல்லவில்லை, நாமே கண்டுபிடிக்கிறோம். அதன் பிறகு நான் பார்த்த ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு காரணம் இருக்கக்கூடும் என்று நம்பத் தொடங்கினேன். காரணம் இல்லாத பொருள்களும் அந்த நம்பிக்கையின் பலனைப் பெற்றன.

இல்லாத ஒன்றைக் காட்டியும் இதைச் செய்யலாம். 2004இல் வந்த ஹாஃப் லைஃப் 2இன் தொடக்கத்தில் சிட்டி 17இல் நடக்கும்போது சிறுவர் விளையாட்டுத் திடல் ஒன்று வருகிறது. ஒரு குழந்தைகூட அங்கே இல்லை. நகரின் பெரிய திரைகளில் பேசும் ஆட்சியாளரின் உரையை நின்று கேட்டவருக்கு, மனிதர்கள் பிள்ளை பெறாதபடி தடுக்கும் ஒரு புலம் நகரைச் சூழ்ந்திருப்பது தெரியும். கேட்காதவருக்கும் அந்தத் திடலின் வெறுமை உறுத்தும். உங்கள் கடிதங்களை யாரும் படிக்கவில்லை என்று வருந்தியிருந்தீர்கள். அந்தக் கடிதங்களில் உள்ளதை இடமே சொல்லிவிட்டால் கடிதத்துக்கு வேலை இருக்காது.

இந்த எண்ணத்தை எல்லைவரை கொண்டு சென்றது 2019இல் வந்த அவுட்டர் வைல்ட்ஸ். அதில் ஒன்றையொன்று சுற்றிவரும் இரட்டைக் கோள்கள் உண்டு. ஒன்றின் மணல் ஒரு தூணைப்போல எழுந்து மற்றதன்மேல் கொட்டிக்கொண்டே இருக்கிறது. 22 நிமிடத்துக்கு ஒருமுறை காலம் தொடக்கத்துக்கே திரும்பும் அந்தச் சுழற்சிக்குள் ஒரு கோளில் புதைந்திருந்த கட்டடங்கள் வெளிப்படுகின்றன. மற்ற கோளின் குகைகள் நிரம்பி மூடிக்கொள்கின்றன. ஒரு கதவு திறந்த அதே நேரத்தில் இன்னொரு கதவு ஏன் மூடியது என்று அங்கே எவரும் கேட்க வேண்டியதில்லை.

தறிக்காரன், உங்கள் மூன்று இடங்களையும் பாருங்கள். மழையை அளக்க ஒரு நிலையம், அந்த மழையைத் தேக்க ஓர் அணை, அந்த நீரால் சாயம் தோய்த்து அலசிய ஓர் ஆலை. இவை பிறவியிலேயே உறவினர்கள். உங்கள் விளையாட்டில் இவை ஒன்றையொன்று அறிந்திருக்கின்றனவா?

தறிக்காரன்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மழைக்காகம் கேட்ட கேள்விக்கு என்னிடம் இருக்கும் நேர்மையான பதில், அறிந்திருக்கவில்லை என்பதுதான். மூன்றையும் வெவ்வேறு மாதங்களில், மூன்று தனிக் காட்சிகளாகத்தான் வரைந்தேன். நிலவறை கேட்டிருக்கக்கூடிய இரண்டு விவரங்களையும் சொல்லிவிடுகிறேன். பகுதிகளுக்கிடையே கதவு வழியாக உடனே தாவும் வசதியைத் தொடக்கத்திலேயே தந்திருக்கிறேன். நடந்து செல்வது அலுப்பூட்டும் என்று அஞ்சினேன். மேலும், ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தன்மை வேண்டும் என்பதற்காக விதிகளையும் சற்று மாற்றியிருக்கிறேன். அணைக்கட்டில் கயிறுகளைப் பிடித்து ஏறலாம். நெசவாலையில் தொங்கும் கயிறுகள் அலங்காரத்துக்கு மட்டுமே.

பழைய கன்சோல்:

நடந்து செல்வது அலுப்பூட்டும் என்று அஞ்சினேன் என எழுதியிருக்கிறீர்கள். அந்த அச்சத்தைப் பற்றி மட்டும் பேச விரும்புகிறேன்.

2004இல் வந்த ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸை இங்கே பலர் ஆடியிருப்பீர்கள். அதில் லாஸ் சாண்டோஸ் என்னும் நகரிலிருந்து கிராமப்புறச் சாலையில் வண்டியை விட்டு, மேடு பள்ளங்களையும் மரக்கூட்டங்களையும் கடந்து, மலையடிவாரத்தைச் சுற்றி, கடைசியில் பாலத்துக்கு அப்பால் சான் ஃபியரோவின் கட்டடங்கள் பனிமூட்டத்திலிருந்து மெல்ல வெளிப்படும்போது, ஒரு மாநிலத்தையே கடந்துவிட்டதாக நெஞ்சு சொல்லும். உண்மையில் அந்த மேப் அவ்வளவு பெரியதன்று. அது ஓடிய ப்ளேஸ்டேஷன் 2 என்னும் விளையாட்டுக் கருவியில் இருந்தது வெறும் 32 மெகாபைட் நினைவகம். தொலைவில் இருப்பதை எல்லாம் அதனால் வரைந்துகாட்ட முடியாது. எனவே தொலைவைப் பனியும் புகையும் மூடின. சாலைகள் நேராகப் போகாமல் வளைந்து வளைந்து சென்றன. 2021இல் வந்த புதுப்பித்த பதிப்பில் அந்த மூடுபனி விலக்கப்பட்டபோது, உயரத்தில் ஏறி நின்றவர்களுக்கு முழு மேப்பும் ஒரே பார்வையில் தெரிந்தது. மூன்று நகரங்களும் கைக்கெட்டும் தூரத்தில் அடுக்கி வைத்த பொம்மைகளாகத் தோன்றின. ஒரு கட்டடம்கூட இடம் மாறவில்லை. ஆனாலும் உலகம் சுருங்கிப் போயிற்று. கருவியின் குறைபாட்டிலிருந்து பிறந்த ஒரு திரை, அந்த உலகின் தூணாகவே இருந்திருக்கிறது.

எதை மறைப்பது என்பதைத் திட்டமிட்டே செய்தவர்கள் நின்டெண்டோவின் ப்ரெத் ஆஃப் த வைல்ட் குழுவினர். அவர்கள் 2017இல் ஜப்பானில் விளையாட்டு உருவாக்குநர்கள் கூடும் செடெக் மாநாட்டில் தம் முறையை விளக்கினார்கள். நிலத்தின் மேடுகளை முக்கோண வடிவில் அமைத்தால், முக்கோணம் தனக்குப் பின்னால் இருப்பதை மறைக்கிறது. ஏறிக் கடப்பதா சுற்றிப் போவதா என்று ஆடுபவரைத் தேர்ந்தெடுக்கவும் வைக்கிறது. சுற்றிப் போகும்போது, மறைந்திருந்தது சிறிது சிறிதாக வெளிப்படுகிறது. தூரங்களை முடிவு செய்ய இயக்குநர் ஃபுஜிபயாஷி, தமக்கு நன்கு பழகிய கியோட்டோ நகரின் வரைபடத்தை விளையாட்டின் நிலத்தின்மேல் பொருத்திப் பார்த்தார். நடந்து பழகிய தெருவின் நீளம் காலுக்குத் தெரியும் அல்லவா!

வெறுமையைப் பற்றியும் ஒரு சொல். 2005இல் வந்த ஷேடோ ஆஃப் த கொலோசஸில் ஒரு பரந்த நிலமும் 16 மாபெரும் உருவங்களும் மட்டுமே உண்டு. ஊர் இல்லை, வழியில் மோத வரும் சிறு பகைவர்கள் இல்லை. வாளை வெயிலில் உயர்த்தி, ஒளி குவியும் திசையில் குதிரையை நெடுநேரம் ஓட்டிச் செல்கிறோம். அந்த மௌனப் பயணம் இல்லாவிட்டால், முடிவில் எதிரே எழும் உருவத்துக்கு அந்தப் பாரம் இருந்திருக்காது. அதற்கு மாறாக, நான் மிகவும் நேசிக்கும் விட்சர் 3இன் ஸ்கெல்லிகே கடலில், மேப் முழுவதும் கேள்விக்குறிகள் சிதறிக் கிடக்கும். படகில் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் மிதக்கும் கடத்தல் சரக்குதான். அந்தக் கடலை வெறுமையாக விட்டிருந்தால் அது கடலாகவே இருந்திருக்கும்.

கதவுத் தாவலை எடுத்துவிடுங்கள், அல்லது மிகவும் தாமதமாகத் தாருங்கள். அணைக்கும் ஆலைக்கும் நடுவே எதுவும் நிகழாத இரண்டு திரை நீளம் விடுங்கள்.

தாவுகோல்:

முன்னவர்கள் மூவரும் இடத்தைப் பற்றிப் பேசினார்கள். எனக்கு அந்தக் கயிறுதான் முக்கியமாகப் படுகிறது.

அணைக்கட்டில் கயிற்றைப் பிடித்து ஏறக் கற்றுக்கொண்ட ஒருவர், நெசவாலையில் அதே போன்ற கயிற்றை நோக்கித் தாவிக் கீழே விழுகிறார். அந்த நொடியில் அவர் கற்றது பொய்யாகிவிடுகிறது. வேறொரு கேமைத் திறந்ததுபோல் இருந்தது என்று உங்கள் நண்பர் சொன்னாரே, அவர் சொன்னதை நான் அப்படியே நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்கிறேன். விதி மாறினால் அது வேறு விளையாட்டுதான். வண்ணமும் இசையும் எவ்வளவு வேண்டுமானாலும் மாறலாம். கைக்குத் தெரிந்தது மாறக் கூடாது.

1985இன் சூப்பர் மாரியோ பிரதர்ஸில் முதல் லெவலின் பிற்பகுதியை நினைவுகூருங்கள். படிக்கட்டு போல அடுக்கிய இரண்டு மேடுகளுக்கு நடுவே ஓர் இடைவெளி வரும்; அங்கே கீழே தரை உண்டு, விழுந்தாலும் சாவதில்லை. சற்றே தள்ளி அதே அமைப்பு மீண்டும் வரும். இம்முறை கீழே பாதாளம். முதல் இடைவெளியில் கற்ற தாவலின் அளவு இரண்டாவதில் அப்படியே செல்லுபடியாகிறது. ஹாஃப் லைஃப் 2இல் ரேவன்ஹோம் என்னும் ஊருக்குள் நுழைந்ததும், பாதியாக அறுபட்ட ஒரு ஜாம்பியின் (நடமாடும் பிணத்தின்) உடலையும் மரத்தில் செருகி நிற்கும் ரம்பத் தகட்டையும் காண்கிறோம். வழியை மறிக்கும் அந்தத் தகட்டை பொருள்களை இழுத்து வீசும் ஈர்ப்புத் துப்பாக்கியால் பிடுங்கியதும் எதிரே இன்னொரு ஜாம்பி வருகிறது. ஒரு வரி விளக்கம் இல்லை. ஆனால் அதன் பிறகு அந்த ஊரில் கிடக்கும் ஒவ்வொரு தகடும் ஆயுதம்தான்; எதுவும் அலங்காரம் ஆகிவிடுவதில்லை.

உங்கள் வகையின் முன்னோடியான 1994இன் சூப்பர் மெட்ராய்ட் இன்னும் அருமையான ஒன்றைச் செய்கிறது. ஆழமான ஒரு குழியில் ஈடெகூன் என்னும் சிறு உயிரினங்கள் சுவரிலிருந்து சுவருக்குத் தாவி மேலே ஏறிக்கொண்டிருக்கும். அவற்றைப் பார்த்து நாமும் முயன்றால், அந்தத் திறன் தொடக்கம் முதலே நம்மிடம் இருந்தது புரியும். ஏற்கெனவே கடந்து வந்த உயரமான சுவர்கள் எல்லாம் அந்த நொடியில் நினைவுக்கு வருகின்றன. புதிய அறை எதையும் சேர்க்காமலேயே பழைய அறைகள் பெரிதாகிவிடுகின்றன.

எனவே ஆலையின் கயிறுகளிலும் ஏற முடியட்டும். அவ்வாறு செய்தால் நீங்கள் கவனமாக அமைத்த சில தடைகள் உடைந்துபோகும் என்பது தெரியும். உடையட்டும், அவற்றை மறுபடியும் கட்டுங்கள். தனித்தன்மை வேண்டுமானால் புதிய விதியைச் சேர்ப்பதைவிடப் பழைய விதிக்குப் புதிய சூழலைத் தருவது நல்லது. நூல்கயிறு பாரம் தாங்காமல் மெல்லக் கீழே இறங்கட்டும். அப்போது ஏறுபவர் விரைய வேண்டியிருக்கும்.

தறிக்காரன்:

கடந்த வாரம் முழுவதும் உங்கள் பதில்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்தேன்.

நிலவறை சொன்னபடி மூன்று பகுதிகளையும் ஒரே தாளில் வரைந்தேன். வரைந்து முடித்ததும் தெரிந்த முதல் உண்மை, என் நெசவாலை அணைக்கட்டின் நீர்மட்டத்தைவிட உயரத்தில் இருக்கிறது என்பது. மழைக்காகம் சொன்ன உறவை அமைப்பதானால் நீர் மேட்டுக்கு ஏற வேண்டியிருக்கும். ஆறு பேரும் வாயால் சொல்லத் தெரியாமல் உணர்ந்தது இதையும் சேர்த்துத்தான் என்று இப்போது தோன்றுகிறது. ஆலையை அணைக்குக் கீழே, மதகிலிருந்து வரும் வாய்க்காலின் கரைக்கு மாற்றிவிட்டேன். அணையின் ஒரு மதகைத் திறந்தால் ஆலையின் சாயத் தொட்டிகள் நிரம்பி, அவற்றின்மீது மிதந்து புதிய வழிகளுக்குப் போகலாம். மதகை மூடினால் தொட்டிகளின் அடியில் இருக்கும் கதவு தெரியும். வாய்க்காலில் ஆலைக்குக் கீழே ஓடும் நீர் நீலமாக இருக்கும்.

ஆலையின் கயிறுகள் இப்போது பாரத்தில் இறங்குகின்றன. தாவுகோல் எச்சரித்தபடியே பதினொரு அறைகள் உடைந்தன. அவற்றில் நான்கைத் திரும்பக் கட்டவில்லை, நீக்கிவிட்டேன். அணைக்கும் ஆலைக்கும் நடுவே வாய்க்கால் கரை ஒன்று வந்திருக்கிறது. நீரோசையைத் தவிர அங்கே எதுவும் இல்லை.

வானிலை நிலையம் மட்டும் இன்னும் தனியாகவே நிற்கிறது. மழை அங்கிருந்து தொடங்குகிறது என்பதைச் சொல்லாமல் எப்படிக் காட்டுவது என்று தெரியவில்லை.

மழைக்காகம்:

ஆலை இடம் மாறியது பற்றிப் படித்தபோது மிகவும் மகிழ்ந்தேன். நிலையத்தின் சுவரில் ஒரு அளவுகோலை வரைந்து, அணையில் நீர் இப்போது எந்த மட்டத்தில் நிற்கிறதோ அதே மட்டத்தை அதில் ஒரு முள் காட்டும்படி வையுங்கள். மதகைத் திறந்துவிட்டு மேலே ஏறி வருபவர், முள் இறங்கியிருப்பதைப் பார்க்கட்டும். நிலையத்தின் சன்னலிலிருந்து பின்னணியில் அணையும், அதற்குக் கீழே அந்த நீல வாய்க்காலும் சிறிதாகத் தெரிந்தால் இன்னும் நல்லது. முடிந்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். ஏழாவது ஆளாக ஆடிப் பார்க்கக் காத்திருக்கிறேன்.